புதன்கிழமைக்குச் சாமி இல்லை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்த கதை. ஆரணியில் நான் தமிழ் நடத்தும் கல்லூரியின் ஆண்டு மலருக்கு, மாணவர் பசியைப் பற்றி நாலு பக்கம் கேட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்: "பள்ளிக்கூடத்தில் தட்டை நீட்டினால் சோறு விழுகிறது. கல்லூரி வாசலில் அந்தத் தட்டு பிடுங்கப்படுகிறது. ஆகவே, சமூகம் ஒன்றுதிரண்டு..."

"ஒன்றுதிரண்டு" என்று எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சமூகம் திரளும்போது திரளட்டும். நான் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "தறிச் சத்தத்தில் ஆரணி கண்விழித்தது." வேண்டாம். ஆரணி என்று எழுதினாலே தறியை ஆட்டிவிட வேண்டுமா என்ன?

இரண்டாம் தொடக்கம்: "தேவிப்ரியாவின் கண்களில் பசி..." சீ. பசி வயிற்றில் இருக்கும். கண்ணில் எங்கே இருக்கிறது?

மூன்றாவது தேறும் என்று நினைக்கிறேன்: தேவிப்ரியா, பி.ஏ. இரண்டாம் ஆண்டு, மதியம் சாப்பிட மாட்டாள். திங்கள் சிவனுக்கு விரதம். செவ்வாய் முருகன். வியாழன் குரு பகவான். வெள்ளி அம்மன். புதன்கிழமைக்குத்தான் சாமி கிடைக்கவில்லை. அன்றைக்கு மட்டும் "அசைன்மெண்ட் இருக்குது" என்று நூலகத்துக்குப் போய்விடுவாள்.

(அவள் அம்மா இருட்டோடு கிளம்பிக் களம்பூர் ரைஸ்மில்லுக்குப் போய்விடுவார். வீட்டில் ராத்திரி ஒருவேளைதான் உலை ஏறும். தம்பிக்குப் பள்ளிக்கூடத்துச் சோறு. இதெல்லாம் அமலி சொல்லித்தான் எனக்குப் பின்னால் தெரியும்.)

3.

பக்கத்துப் பெஞ்சு அமலி ஒரு புதன்கிழமை நூலகம் பக்கம் போயிருக்கிறாள். அங்கே தேவிப்ரியா குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தாள், நின்றாள், மறுபடி குடித்தாள். அமலி ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து இரண்டு டப்பாவோடு வந்தாள்.

"எங்கம்மா அந்தோணியாருக்கு வேண்டிகினு இருக்காங்கடி. நாப்பத்தெட்டு காலேஜ் நாளு ஒருத்திக்குச் சோறு போடணுமாம். நீ துன்னு."

"நான் விரதம்டி."

"விரதம் இருக்கறவங்களுக்குத்தான் போடணுமாம். வேணான்னு சொன்னா சாமி குத்தம் ஆயிடும். அப்புறம் எங்கம்மாகிட்ட யாரு திட்டு வாங்கறது? ஒரே பேஜாரு."

தேவிப்ரியா டப்பாவைத் திறந்தாள்.*

* அமலியின் அம்மாவுக்கு இப்படியொரு வேண்டுதல் இருப்பது இன்றுவரை தெரியாது. மகள் திடீரென்று இரண்டு டப்பா கேட்கவும், வயிற்றில் பூச்சி என்று மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அமலி அதையும் விழுங்கினாள். இந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், கதையில் அதற்கு வேறு இடம் இல்லை.

4.

[இங்கே ஒரு வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். நாலாவது தடவை அடிக்கப் போவதில்லை.]

வருடத் தொடக்கத்தில் தேவிப்ரியாவை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "பாருங்க, இந்த வயசுல எவ்ளோ பக்தி!" என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். அறுபது பேர் தட்டினார்கள். அதுவரை அது எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடக்கூடிய ஒரு சின்னப் பொய். நான் கைதட்டு வாங்கிக் கொடுத்து, அவள் விட முடியாதபடி செய்துவிட்டேன். பெரிய தமிழ் மேடம்!

5.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) கல்லூரியில் மதிய உணவு தொடங்குகிறார்கள். எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கே வரிசை எதுவும் இல்லை.

(ஆ) தேவிப்ரியா அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். ஏற்கனவே ஒருமுறை எழுப்பி நிறுத்தியது போதாதா? அவளை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை.

(இ) அமலி புதிதாக இன்னொரு

இந்த வரியில் இருக்கும்போது அமலியே வந்து நின்றாள். இன்று காலைதான். "மேடம், நேத்தோட நாப்பத்தெட்டு முடிஞ்சிடுச்சு. ரெண்டு டப்பா எடுத்துகினு வந்துட்டேன். இன்னிக்கு எந்தச் சாமியச் சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. இன்று புதன்கிழமை.

6.

அச்சுக்குப் போகும்முன் சம்பந்தப்பட்டவளிடம் கேட்பதுதான் மரியாதை. மதிய மணி அடித்ததும் தேவிப்ரியாவைத் துறைக்குக் கூப்பிட்டு, இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். படித்தாள். பூச்சி மாத்திரை வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். நாலாம் பகுதியில் தலையைத் தூக்கவில்லை.

"தப்பு என்னுதும்மா. அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் தாளை முந்தைய பக்கத்துக்குப் புரட்டினாள். "அமலி சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். அவங்க சாமிக்கு நவநாளு, ஒம்போது நாளுதானே. நாப்பத்தெட்டு நாளு எங்க கணக்கு."

"தெரிஞ்சுமா சாப்ட்ட?"

"பசிச்சுது மேடம்."

கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "முடிவு இன்னா மேடம்?"

"இந்த மாதிரிக் கதையில முடிவ வாசகர்கிட்டயே விட்டுடறதும்மா. அதுல ஒரு..." என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

"இல்ல மேடம். நெஜமாத்தான் கேக்கறேன். நேத்தோட நாப்பத்தெட்டு முடிஞ்சிடுச்சு."

அமலி வாசலில் இரண்டு டப்பாவோடு, எந்தச் சாமி பெயரும் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவளையும் உள்ளே கூப்பிட்டேன். என் டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்து மூன்றையும் திறந்தேன்.

"விரதமும் இல்ல, வேண்டுதலும் இல்ல. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. இன்னிக்கும் நாளைக்கும் அதுக்கப்புறமும். உக்காரும்மா."

தேவிப்ரியா டப்பாக்களைப் பார்த்தாள். அமலியைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். இதுவரைதான் எனக்குத் தெரியும். உட்கார்ந்தாளா, "அசைன்மெண்ட் இருக்குது மேடம்" என்று போய்விட்டாளா, நீங்கள்தான் எழுத வேண்டும்.

கொஞ்சம் ஜல்தியா எழுதுங்க. சோறு ஆறிகினு இருக்குது.