பல்கனியில் நிற்பவர்

கட்டடக்கலைப் பட்டத்தோடு ஊர் திரும்பிய கஜீபனுக்குத் திருகோணமலையில் வேலை கொடுத்தவர் சிவகுருநாதன். முழுதாகக் கொடுத்தார் என்றும் சொல்லிவிட முடியாது. ஆறு மாதம் வந்து பார், அதற்குள் நீ வரைந்த ஒரு வீட்டுக்காவது அத்திவாரம் வெட்டினால் நிரந்தரக் கடிதம் தருகிறேன் என்றிருந்தார். துறைமுகத்தைப் பார்த்த மாடியில் அலுவலகம். முதல் மூன்று மாதமும் கஜீபன் வரைந்ததெல்லாம் மற்றவர்கள் வரைந்த வீடுகளுக்கு மதிலும் மலசலகூடக் குழியும்தான். ஐந்து வருடம் படித்தது இதற்குத்தானா என்று அவனே தன்னைக் கேலி செய்துகொள்வான்.

நாலாம் மாதம் குறிஞ்சாக்கேணியிலிருந்து றுக்கியா வந்தார். கணவர் றஊப் ஒன்பது வருடமாகக் கட்டாரில் லொறிச் சாரதி. மாடி வீடு வேண்டும், படம் அவருக்குப் பிடிக்க வேண்டும், வேறு நிபந்தனை இல்லை. அக்காவை ராத்தா, அண்ணனை நானா என்று அந்த ஊர்ப் பேச்சில் கூப்பிடப் பழகிக்கொண்டு, கஜீபன் விழுந்து விழுந்து வரைந்தான். கடலோரக் களப்பு நீரின் காற்று பின்பக்கத்தால் நுழைந்து முன்பக்கத்தால் போக வழி வைத்தான். மேற்கு வெயில் அறைகளில் அடிக்காதபடி படிக்கட்டை அந்தப் பக்கம் தள்ளினான். பிறகு கணினியில் வீட்டை எழுப்பி, நிறம் பூசி, றஊபின் போனுக்கு அனுப்பினான்.

மறுநாள் றஊப் அழைத்தார். காற்றைப் பற்றிக் கேட்பார் என்று கஜீபன் ஆயத்தமாக இருந்தான்.

"மேல பல்கனியில நிக்கிற ஆள் ஆரு?"

கோட்டுப் போட்டு, கையில் கோப்பையோடு நின்ற வெள்ளைக்காரன் அது. வீட்டின் உயரம் தெரிவதற்காக இப்படி ஓர் ஆளைப் படத்தில் நிறுத்துவார்கள்; கணினியிலேயே கிடைப்பான். கஜீபன் அதை விளக்கினான். பிறகு, அவனை எடுத்துவிட்டுத் தன்னை அங்கே போட ஏலுமா என்று றஊப் கேட்டார். பத்து நிமிடத்தில் புகைப்படமும் வந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லொறியோரம் நின்றார். கஜீபன் லொறியை வெட்டிவிட்டு ஆளை மட்டும் மாடியில் ஏற்றினான். வீடு பிடித்துவிட்டது என்று அன்று பின்னேரமே பதில் வந்தது. காற்று, வெயில், படிக்கட்டு, ஒன்றைப் பற்றியும் பேச்சில்லை. அவனுக்குக் கொஞ்சம் மனம் நொந்தது. ஆனாலும் கடிதம் கைக்கு வந்த மாதிரித்தான்.

கட்டட அனுமதி கிடைத்தபோது ஆறு மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அத்திவாரப் படத்தைச் சுருட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனான். தகரக் கூரை வீட்டின் முன்னறையில் அவனுடைய மாடி வீடு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. றுக்கியா கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் செய்தியைச் சொன்னார். றஊபுக்கு லீவு கிடைக்கவில்லை. முதல் கல்லைத் தன் கையால்தான் வைப்பாராம். அடுத்த வருடமும் நிச்சயமில்லை.

கஜீபனுக்கு ஆத்திரம் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் வந்து நின்றா கட்டுகிறார்கள் என்று கேட்டான். தன் வேலை இதில்தான் தொங்குகிறது என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொன்னான். றுக்கியாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஒன்பது வருஷமா இந்த வீட்ட நெனச்சிட்டுத்தான் தம்பி அவரு அங்க இரிக்காரு. அவரு இல்லாமத் தொடங்கினா அது அவர்ட வீடாகாது."

எழுந்து முற்றத்துக்கு வந்தவனை அவர் பின்னால் வந்து மறித்தார்.

"தம்பி, அந்தப் படத்துல அவருக்குப் பக்கத்துல என்னையும் போட ஏலுமா?"

நாலு நாளில் போகப்போகிற வேலை. இனி எதை வரைந்தும் ஆகப்போவதில்லை. ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் அவன் வரைந்த வீட்டில் குடியேறக் கேட்டு வந்த இரண்டாவது ஆள் அவர். ஓம் ராத்தா என்று சொல்லிப் போனை எடுத்தான். றுக்கியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"வலப்பக்கம் ராத்தா. நானா அங்கதான் நிக்கிறார்."

றுக்கியா வலப்பக்கம் திரும்பி, தகர வேலியைப் பார்த்துச் சிரித்தார்.