மாறு என்றால்

என்னிடம் ஆடிய பிள்ளைகளில் அஜிதாவைப் போல் எனக்கு ஆத்திரம் மூட்டியவள் வேறு கிடையாது. பந்து கையில் வந்தால் வளையத்தில் போட்டுவிடுவாள், அது சரி. ஆனால் காலை ஆறரைக்குப் பயிற்சி என்றால் ஆறே முக்காலுக்குத் தோளில் பையோடு மூச்சிரைக்க வந்து நிற்பாள். எங்கோ மலையடிவாரத்து வித்துராவில் பஸ் பிடித்து, தம்பானூர் ஸ்டாண்டில் இறங்கி ஓடி வருகிறாளாம். வித்துராவை நானா அங்கே கொண்டுபோய் வைத்தேன்?

நான் திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குக் கோச் ஆகிப் பதினாறு. தங்கபாய் மிஸ் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. தாமதமாக வருகிறவள் அன்று பந்தைத் தொடக் கூடாது. பயிற்சி முடியும்வரை பெரிய மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

அரையிறுதிக்கு முந்திய வாரம் மழையில் ரோடு இடிந்து, வித்துரா பஸ் சுற்றுவழியில் வந்தது. அஜிதா ஆறு நாளும் தாமதம். ஆறு நாளும் ஓடவிட்டேன். அந்த வாரம்தான் மற்றவர்களுக்குப் புதிதாக ஒன்று பழக்கினேன். நம் பெண்ணை எதிரணிக்காரி ஒருத்தி குறுக்கே நின்று மறித்தால், நம் பெண் காத்துவந்த ஆளைப் பக்கத்தில் நிற்கும் நம்மவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு "ஸ்விட்ச்" என்று கத்துவது வழக்கம். அது எதிரணிக்கும் புரிந்து தொலைகிறதே! "இனிமே 'மாறு'ன்னு சொல்லுங்க" என்றேன். நாகர்கோவில்காரி மூளை என்று எனக்கு ஒரே பெருமை. இந்த ஊரிலேயே தமிழ் புழங்கும் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த இசக்கிசெல்விக்கு உடனே பிடிபட்டது. மலையாளப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஆயிற்று.

தாமதக்காரி என்று அரையிறுதியில் அஜிதாவை உட்காரவைக்க முடியுமா? எனக்கும் ஜெயிக்க வேண்டும். இறக்கினேன். நன்றாகவே ஆடினாள். எதிரணி மறித்ததெல்லாம் கோர்ட்டில் அவள் நிற்காத பக்கமே நடந்தது.

ஒன்பது விநாடி பாக்கி. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணிக் கேப்டன் பந்தோடு வந்தாள். அவளைக் காத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வியை இன்னொருத்தி மறித்தாள். "மாறு! மாறு!" என்று இசக்கிசெல்வி அலறினாள். பக்கத்தில் நின்ற அஜிதா என்ன செய்தாள் தெரியுமா? கல்யாண வீட்டு வாசலில் சம்பந்திக்கு வழிவிடுகிறவள் மாதிரி ஒதுங்கி நின்றாள். அந்தக் கேப்டன் நிதானமாகப் போய்ப் பந்தைப் போட்டாள். தோற்றோம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க ஜெபசிங் சார் வந்திருந்தார். அவர் பட்டியலில் அஜிதா பேர் இருந்தது எனக்குத் தெரியும். அந்த அணியில் சேர்ந்தால் நகரத்திலேயே விடுதியில் இடம் கிடைக்கும், பஸ் பாடு தீரும். ஒரு வருஷமாக அவள் உயிரைக் கொடுத்து ஆடியது அதற்குத்தான். நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"சார், அந்த அஜிதாவ எடுக்காதீங்க. கூட ஆடுறவ கூப்பிட்டா காதுல விழாது. டீமா ஆடுறதுன்னா என்னன்னே தெரியாது அவளுக்கு."

அவர் பேனாவை எடுத்து அந்தப் பேரை அடித்தார். பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு குளிர்ந்தது.

அதே சூட்டோடு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தேன். "ஏட்டி, வேணும்னே வழி விட்டியா? ஓட வச்சதுக்குப் பழி தீத்துட்டியா?"

அஜிதா எழுந்தாள். அழவில்லை. என்னை விடவும் கோபமாக இருந்தாள். "இசக்கி 'மாறு'ன்னு பறஞ்ஞு. ஞான் மாறிக் கொடுத்து. அதில் எந்தா மிஸ்ஸே தப்பு?"

மலையாளத்தில் ஆளைப் பார்த்து 'மாறு' என்றால் தள்ளி நில் என்று அர்த்தம். இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் நாளைக்கு நூறு தடவை கத்துகிறார். நானும் இருபத்திரண்டு வருஷமாகத் தள்ளி நிற்கிறேன்.

"அது ஸ்விட்சுக்குச் சொல்லுகதுட்டி" என்றாள் இசக்கிசெல்வி, மெல்ல. "போன வாரம் மிஸ் படிப்பிச்சாங்கல்லா?"

"எனிக்கு ஆரு படிப்பிச்சு?" அஜிதா கத்தினாள். "ஆறு திவசம் ஞான் வெளியில ஓடிக்கொண்டிருந்நு!"

என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வாசல் பக்கம் ஓடினேன். ஜெபசிங் சார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "சார், தப்பு என்னுது. அந்தப் பிள்ளை பேரத் திருப்பி எழுதுங்க" என்றேன்.

"லிஸ்ட்டு போன்லயே ஆபீசுக்குப் போயாச்சே மிஸ். அந்த இடத்துல வேற பிள்ளையப் போட்டு, அதுக்க வீட்டுக்கும் சொல்லியாச்சு." சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "வேற யாரும் சொல்லியிருந்தா ரெண்டு மட்டம் யோசிச்சிருப்பேன். நீங்களே சொன்ன பெறவு நான் என்னத்த யோசிக்க?"

இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேரைத் தூக்கிக் குப்பையில் போடத் தோன்றியது. திரும்பி வந்தேன். அஜிதா ஷூவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் மேல தப்பே இல்ல. எல்லாம் நான் பண்ணினது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வடிந்த முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சாரமில்ல மிஸ்ஸே" என்றாள். பரவாயில்லையாம். "ஹாஸ்டல் கிட்டினா பின்னெ லேட்டே ஆவாது. லிஸ்ட்டு எப்போ வரும்?"

"வந்தாச்சு. உன் பேரு இல்ல. நான்தான் சார்கிட்டப் போய் அடிக்கச் சொன்னேன்."

"எப்போ?"

"இங்க வந்து உன்னக் கேக்கதுக்கு முன்னாடி" என்றேன்.