எந்த வலி வேணும்?

வயிற்றில் ஐந்து மாதம் ஆனதிலிருந்து, பெர்னதெத் எந்தப் பக்கம் உட்கார்ந்தாளோ அந்தப் பக்கம் ஜோகுபாளையத்து வீடு சாய்ந்தது. அது 1923ஆம் வருஷம். கூடையிலிருந்த உருளைக்கிழங்குகள் உருண்டுபோய் அவள் காலடியில் சேர்ந்தன. கணவன் ரெமிஜியஸ் வெள்ளைக்காரர் கிளப்பில் பட்லர். தட்டேந்திப் பழகிய கை என்பதால் சாய்ந்த தரையிலும் சொட்டுச் சிந்தாமல் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். மாதாகோயிலில் பெண்கள் பக்கம் ஒரு சாண் இறங்கிவிடவே, சாமியார் அவளை நடுவழியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். பிள்ளை பெரிசு, அவ்வளவுதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

விடமுடியாத விஷயம் ஒன்று இருந்தது. மூத்தவள் ஜோசஃபினை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருந்தார்கள். அதன்பின் ஜுரம் கண்டு பெர்னதெத் செத்துப் பிழைத்தாள். மறுபடி கிழித்தால் அந்த ஜுரம் இந்தமுறை விட்டுவைக்குமா? தானாகப் பிறக்கட்டும் என்று விட்டால், இத்தனை பெரிய பிள்ளை முட்டுகிற முட்டில் பழைய தையல் தாங்குமா? நாத்தனார் டோரதி காலையில் வந்து, "கத்தியே வேணாம் அண்ணி" என்பாள். சாயங்காலம் அவளே வந்து, "கிழிச்சு எடுத்துடச் சொல்லுங்க, எனக்குப் பயமா கீது" என்பாள். பெர்னதெத் இரண்டுக்கும் தலையாட்டினாள். தான் போய்விட்டால் மூன்று வயது ஜோசஃபினுக்கு யார் தலைவாரிவிடுவார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாக உறைத்தது. மற்றதெல்லாம் ஒரே குழப்பம்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆயாவிடம் தமிழ் கற்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்கு 'ழ' வராது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை, ஏனென்றால் ஜோகுபாளையத்தில் பாதிப் பேருக்கும் வராது. எது நல்லது என்று அவருக்கும் நிச்சயமில்லாததால், பெற்றுக்கொள்கிறவளே சொல்லட்டும் என்று, மாதம் நிறைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெர்னதெத்திடம் கேட்டார்.

"கிலிக்கிற வலி, தானா வர்ற வலி. எந்த வலி வேணும் உனக்கு?"

பெர்னதெத் கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு எந்த வலியும் வேணாம் டாக்டரம்மா."

டாக்டரம்மா திகைத்துப்போனார். இரண்டு வழியும் வேண்டாமென்றால் பிள்ளை எப்படித்தான் வரும்? ஆனால் வயிற்றிலிருந்த பிள்ளை அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுநாள் முற்பகல் நர்ஸ் துண்டெடுக்கத் திரும்பிப் பார்ப்பதற்குள், பதினோரு பவுண்டு ஆண்பிள்ளை பக்கத்தில் படுத்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. பெர்னதெத்தின் வயிறு வற்றியிருந்தது. பழைய தையல் மூடியபடியே இருந்தது, விரிப்பில் ஈரமில்லை. டாக்டரம்மா இரண்டுமுறை சோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

யூஜின் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிழைத்ததில் பெர்னதெத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் குழாயடியில் மற்றவர்கள் தங்கள் பிரசவக் கதைகளை அளக்கும்போது, அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றேன் என்று சொல்ல நா எழாது. யூஜின் நடந்தான், பள்ளிக்கூடம் போனான், பந்தாட்டத்தில் முட்டியை உடைத்துக்கொண்டான், மீசை வைத்தான். ஒவ்வொரு தடவையும் அவனை யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைப் போலப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்ததற்காக ஜெபமாலை சொன்னாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை, ரெமிஜியஸிடமும்.

1943இல் யூஜின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போகப் புறப்பட்டான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவன் பெட்டியில் ஏறியதும் பெர்னதெத்துக்கு இடுப்பில் சுருக்கென்றது. நாற்பத்தைந்து வயதில் அவள் பிளாட்பாரத்தில் குந்திவிட்டாள். வழியனுப்ப வந்திருந்த பெண்களுக்கு அது என்னவென்று விளங்க நொடிகூட ஆகவில்லை. அவளைச் சுற்றிப் புடவை பிடித்தார்கள், ஆண்களை விலகச் சொன்னார்கள். பிள்ளைபெறாத ஜோசஃபின் அம்மாவின் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

"முக்கும்மா, முக்கு!" என்று யாரோ ஒருத்தி அதட்டினாள்.

ரயில் நகர்ந்தது. பெர்னதெத் ஊர் கேட்கக் கத்தினாள். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்தபோது வலி நின்றது.

"என்ன பிள்ளை?" என்று வழக்கப்படி ஒருத்தி கேட்டாள்.

"பையன்" என்றாள் பெர்னதெத், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் போறான்."