முத்திரை போடாத கை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கிராம் சார். எடையளவு ஆய்வாளர். தராசு சரியாக இருந்தால் முத்திரை வைப்பார். இல்லாவிட்டால் பூட்டி சீல் வைப்பார். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் தட்டையே பார்த்துப் பார்த்து, எதையும் நம்பாத கண் அவருக்கு வாய்த்துவிட்டது. மனைவி டீக்குச் சர்க்கரை போட்டால்கூட அது தலைதட்டிய கரண்டியா, குவிந்த கரண்டியா என்று எட்டிப் பார்ப்பார்.

அந்தக் கண் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அவருடைய சொந்தச் சாயங்காலங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால், அலுவலக விசாரணை ஒன்றில் மாட்டிக்கொண்டு நெஞ்சு படபடத்தபோது, பத்து நாளைக்கென்று எழுதித் தந்த பதற்ற மாத்திரை, விருந்தாளியாக வந்து வீட்டு மனுஷனாகவே தங்கிவிட்டது. அதற்குத் துணையாக இரண்டு கிளாஸ் பிராந்தி வந்தது. பிறகு மூன்று. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. ஊர்த் தட்டையெல்லாம் அளந்தவர், தன் கிளாஸை மட்டும் கண்மதிப்பில் ஊற்றினார்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டையும் விடணும் சார். ஆனா நீங்களா சட்டுனு விடக் கூடாது. உடம்பு இத்தனை வருஷமா அதுல சாஞ்சு நிக்குது. திடீர்னு உருவினா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. முதல்ல வார்டுல வந்து படுங்க. எங்க கண்ணு முன்னால குடியை நிறுத்துவோம். மாத்திரையை அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா, மாசக் கணக்குல குறைப்போம்."

மாசக் கணக்கு என்றதும் கிராம் சாரின் காது நிமிர்ந்தது. வெளியே வரும்போது பார்த்தார்: கிளினிக்குக்கும் பக்கத்து மருந்துக் கடைக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு!

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம்.

"எதை?"

"கதவை. ரெண்டு பேரும் கூட்டு."

"மாத்திரையைக் குறைக்கத்தானேங்க சொல்றாங்க?"

"குறைக்கிற மாதிரி விக்கிறது. இந்த வித்தையெல்லாம் தராசுலயே பார்த்தவன் நான்."

மறுநாள் அலுவலகத்தில், யாரும் கேட்காமலே, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று அறிவித்தார். "கள்ள எடைக்கல் பிடிச்சா என்ன செய்யறோம்? தினம் நாலு கிராமா திருத்தறோமா? அன்னிக்கே உடைக்கிறோம்! இன்னியோட என் வீட்ல ரெண்டும் கிடையாது." கைதட்டல் கேட்டது. மேலாளர் கைகுலுக்கினார். அந்த மேலாளரின் மேஜையடியில் இருந்த பைக்குள் பாட்டில் உரசும் சத்தம் கேட்டதாக ஒரு வதந்தி. அது நமக்கு வேண்டாம்.

சாயங்காலம் சமையலறைத் தொட்டியில் பாட்டில் கவிழ்ந்தது. மாத்திரைகள் பொடியாகிப் பின்னாலேயே போயின. அலுவலக வழக்கப்படி, 'பொருள் அழிக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு மனைவியையும் அவள் தம்பியையும் அழைத்தார்.

"அத்தான், டாக்டர் வேற மாதிரி சொன்னாங்கன்னு அக்கா சொல்றாளே?"

"சாட்சிக்குக் கருத்து கிடையாது. கையெழுத்து மட்டும்தான்."

அன்று தூக்கம் வரவில்லை. காலையில் பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. டீயை வாங்கி முகர்ந்தார்.

"இதுல என்ன கலந்தே?"

"டாக்டர்கிட்ட போயிடலாங்க. பயமா இருக்கு."

"ஓ, உன்னையும் அந்தக் கதவு வழியா இழுத்துட்டாங்களா!" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

அரிசிக் கடையில் எடைக்கல்லை வைத்து, பிடியை விடாமலே பார்த்தார். தராசு முள் நிலைகொள்ளாமல் துடித்தது. சீல் வைத்தார். பருப்புக் கடையிலும் அதே துடிப்பு. மூன்றாவது கடையிலும். ஒரே நாளில் மூன்று கள்ளத் தராசு! தெருவே சேர்ந்து சதி செய்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நகைக்கடைப் படியேறினார்.

நகைக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசைத் திறந்துவிட்டார். கிராம் சார் இடுக்கியால் ஒரு கிராம் கல்லை எடுத்தார். அது தட்டின் விளிம்பில் டக் டக்கென்று தாளம் போட்டது.

"இதுவும் ஆடுதா? உனக்கும் சீல்தான்."

"சார், கையை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

எடுத்தார். முள் இரண்டு முறை அசைந்து, நேராக நின்றது. இடுக்கி மட்டும் அவர் விரலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"எங்க அண்ணன் கை இப்படித்தான் ஆடிச்சு" என்றார் கடைக்காரர். "ஒரே நாள்ல விட்டுட்டேன்னு மார் தட்டினான். மூணாம் நாள் இதோ, நீங்க நிக்கிற இடத்துல வலிப்பு வந்து விழுந்தான். பொழைச்சது பெரிய காரியம். நீங்க எதை விட்டீங்க?"

"ரெண்டை."

கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டு, அவரை டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்டோவை நிறுத்தினார். சோதனையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறானோ என்று ஆட்டோவில் ஏறும்வரை கிராம் சாருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஏறியபின் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் சந்தேகத்தை விட்டுவிட்டார்.

டாக்டரம்மா ஊசி போட்டு, வார்டில் படுக்கவைத்தார். கண்ணைத் திறந்ததும் நோயாளி கேட்ட முதல் கேள்வி: "நடுவுல அந்தக் கதவு எதுக்கு?"

"கழிவறைக்கு சார். ரெண்டு கட்டடத்துக்கும் ஒண்ணுதான்."

மனைவி சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு நாளில் குடி இல்லாமல் வீட்டுக்கு வந்தார். மாத்திரையைக் குறைக்கும் அட்டவணை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது. அரை மாத்திரை வாரம் வந்தபோது, மனைவி வெட்டிய பாதிகளை அலுவலகத் தராசில் நிறுத்துப் பார்த்து, ஒரு பாதி மூன்று மில்லிகிராம் கூடுதல் என்று பிடித்தார்.

"இது மருந்துங்க, தங்கமில்ல" என்றாள் அவள். ஆனாலும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் விழுங்கினார்.

வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் மூன்று கடைகளின் சீலையும் உடைத்தார். உத்தரவை ரத்து செய்யும் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினார்: 'தராசுகளில் குறையில்லை. சோதித்த கையில் குறை. கை பழுதுபார்க்கப்பட்டு வருகிறது.'

அரிசிக் கடைக்காரர் படித்துவிட்டு, அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்க சார்?"

"இன்னும் போடலய்யா. மாசாமாசம் மறுசோதனை" என்றார் கிராம் சார். "அதுவரைக்கும் கல்லை நீயே வை. நான் முள்ளை மட்டும் பார்க்கிறேன்."