வெரோனிகாவின் கவுன்

ஸ்டானிஸ்லாஸ் இறந்து ஐந்தாவது மாதம், 1934-இல், பிரிக்பீல்ட்ஸ் ஓவியர்கள் ஒன்றுகூடிப் பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. அதுவரை அவர்கள் வரைந்தவை பிறர் வீட்டுச் சுவர்களில் தொங்கின; வரைந்தவர் பெயர் எதிலும் இருக்காது. இந்த முறை ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் எழுதிய அட்டை உண்டு என்றார், ஏற்பாட்டைக் கவனித்த சபாபதி வாத்தியார். அதைக் கேட்டதும் ஸ்டானிஸ்லாஸின் மனைவி ரோசலின், முன்னறையில் இருந்த, அவர் வரைந்த மகளின் படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றி எடுத்துப் போனாள். கணவர் பெயர் ஒரே ஒரு படத்தின் கீழாவது இருக்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

ஸ்டானிஸ்லாஸும் கார்த்திகேசுவும் இருபது வருஷம் ஒரே கடையில் வரைந்தவர்கள். முகம் ஸ்டானிஸ்லாஸுக்கு, உடையும் கைகளும் கார்த்திகேசுவுக்கு. ரயில்வே மேஸ்திரியோ, கிள்ளான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியோ, யார் படம் கேட்டு வந்தாலும் அப்படித்தான். தெருவில் ஒருவரை முகக்காரர் என்றும் மற்றவரை வேட்டிக்காரர் என்றும் கேலி பேசுவார்கள். மகள் வெரோனிகா ஆறு வயதில் காய்ச்சலில் போனபோது, ஸ்டானிஸ்லாஸ் கடையிலேயே கிடந்து அவள் படத்தை முடித்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தை வரையும் தெம்பாவது அவருக்கு இருந்ததே என்று எட்டு வருஷமாக ரோசலின் ஆறுதல் பட்டிருந்தாள்.

சபாபதி படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கன்னத்து நிழலில் விரலை ஓட்டினார்.

"கோடெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுதேம்மா. இது இடது கைக்காரர் வேலையில்ல?" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மேசையில் அட்டை எழுதிக்கொண்டிருந்த கார்த்திகேசு நிமிரவில்லை. பேனா அவருடைய இடது கையில் இருந்தது; ஸ்டானிஸ்லாஸ் வலது கைக்காரர். ஸ்டானிஸ்லாஸ் என்று எழுதிய அட்டை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"நெசமா தம்பி?" என்றாள் ரோசலின்.

"விடுங்க அண்ணி. அதான் எழுதியாச்சே."

அவள் விடவில்லை. கார்த்திகேசு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் பன்னிரண்டு நாள் படத்துணி முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் தொடங்குவார், துடைத்துவிடுவார். கடைசியில், 'நீயே போடுடா, ரோசிகிட்ட மட்டும் சொல்லிடாத' என்று கேட்டுக்கொண்டார்.

ரோசலின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சபாபதி, தான் எதையும் பார்க்கவில்லை, அட்டை இருந்தபடியே இருக்கட்டும் என்று தணிந்த குரலில் சொன்னார். இருக்க விடலாம். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. மாற்றினால் கணவர் பெயர் இந்த மண்டபத்தில் எங்கேயும் இருக்காது.

"அப்ப அதுக்கப்புறம் அவரு என்னதான் பண்ணாரு?"

"கவுன் போட்டாரு அண்ணி. என் வேலைய அவரு எடுத்துக்கிட்டாரு. நானா இருந்தா அந்த லேஸை நாலு இழுப்புல முடிச்சிருப்பேன்."

எட்டு வருஷமாக முகத்தையே பார்த்துப் பழகிய கண்ணை அவள் கீழே இறக்கினாள். ஈஸ்டருக்கு அவள் தைத்த கவுன். அதைப் போட்டுத்தான் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். லேஸின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக வரையப்பட்டிருந்தது. தோள்பட்டையில் வெள்ளை நூல் தீர்ந்துபோய் அவள் மங்கலான நூலால் முடித்த இரண்டு விரற்கடை இடமும் அப்படியே இருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் வேறு அட்டை கேட்டாள், இரண்டு பெயரும் வேண்டும் என்றாள். ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான் வழக்கம் என்று சபாபதி தயங்கினார். அப்படியானால் படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவள் படத்தைச் சுற்றி வந்த சேலையை விரித்தாள். அவர் புது அட்டையை எடுத்து நீட்டினார்.

"அவரு பேரை மொதல்ல போடட்டுமா அண்ணி?"

"முகம் நீங்க போட்டது. உங்க பேரை எழுதுங்க."

கார்த்திகேசு தன் பெயரை எழுதி முடித்ததும் ரோசலின் பேனாவை வாங்கினாள். அதன் கீழே, 'கவுன்: ஸ்டானிஸ்லாஸ்' என்று தன் கையாலேயே எழுதினாள்.