மட்லீனாவின் பின்னால் நடந்த வெள்ளம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கதவிடுக்கில் காற்று வருகிறது, அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். ஓர் ஆறு ஒரு பெண்பிள்ளையின் பின்னால் நடந்துபோன கதையைச் சொல்கிறேன். நடுவில் கண் அசந்தாலும் குற்றமில்லை, விட்ட இடத்தைக் காலையில் சொல்லித் தருவேன்.

வடக்கே ஒரு குளிர்நாட்டில், நேமுனஸ் ஆறு காயலில் கலக்கும் முன் கிளைகிளையாகப் பிரிகிற தாழ்நிலத்தில், கார்க்லீனே என்ற ஊரில், நிலமெல்லாம் அரசாங்கக் கூட்டுப்பண்ணையாக இருந்த காலத்துக் குளிர் ஒன்று முடியும் தறுவாயில், ஆற்றுத் தண்ணீர் மட்லீனா என்ற கைம்பெண்ணின் பின்னாலேயே வீடுவரை வந்து முற்றத்தில் நின்றுகொண்டது. ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. அன்றைக்குக் கடையில் உப்பு கிடைத்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வானொலியில் வழக்கம்போல வெள்ள முன்னறிவிப்பு வாசித்தார்கள்.

அந்த முன்னறிவிப்பைக் கார்க்லீனேக்காரர்கள் முழுக்க நம்பினார்கள். குளிர் தளரும் நாட்களில் ஒரு பெண் குரல் வந்து, மேற்கே காயல்வரை பனிக்கட்டி எவ்வளவு தடிமன், கிழக்கே காடுகளில் பனி எவ்வளவு கிடக்கிறது, எந்த ஊரில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று சொல்லும். சொன்னால் சொன்னபடி நடக்கும். உடனே கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றுவார்கள், கோழிகளைப் பரணுக்குக் கொண்டுபோவார்கள், மாவும் சிக்கரிக் காப்பித்தூளும் சேர்த்து வைப்பார்கள். பிறகு ஷக்தார்பிஸ் வரும். பனிக்கட்டி காலையும் தாங்காது, படகுக்கும் வழி விடாது; அந்த நாட்களை அப்படித்தான் அங்கே சொல்வார்கள். அப்போது பிறப்பதோ சாவதோ எதுவானாலும் ஊருக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் அந்த வருடம் குரல், கார்க்லீனேயில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தாண்டும் என்றது. தாண்டினால் ஊரையே எடுத்துவிடுவது என்று மாவட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். எல்லோருக்கும் பட்டணத்தில் செங்கல் குடியிருப்பு. வரைபடத்தில் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் பச்சை நிறம். ஊரே சம்மதித்துவிட்டது. மட்லீனா மட்டும் மாட்டேன் என்றாள்.

செத்துப்போன புருஷனின் தம்பி அன்சாஸ்தான் ஊர்மன்றத் தலைவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அங்க குழாயத் திறந்தா வெந்நீர் வருதாம்."

"இங்க திறக்காமலே தண்ணி வருது."

"விளையாடாதீங்க. ரேடியோ என்னைக்காவது தப்பா சொல்லியிருக்கா?"

"தப்புன்னு யாருடா சொன்னது? அவ சொன்ன உயரத்துக்கு வரும். வரட்டும். அதுக்கு நான் ஏன் எந்திரிக்கணும்?"

எழுந்திரு என்ற சொல் அவளுக்கு ஆகாது. போர்க்காலத்தில் ஒரு விடியற்காலை அப்படிச் சொல்லித்தான் ஊரையே வண்டியில் ஏற்றினார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அடுப்புக்குக் கதவு இல்லை, அவள் கட்டிலில் யாரோ உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்தார்கள். இடிந்த வீடுகளில் செங்கல் பொறுக்கி, சுமந்து, தானே சுவர் எழுப்பினாள். அதற்குப் பிறகு தேவாலயத்தில்கூட எல்லோரும் எழுந்து முடித்த பிறகு, தனக்குத் தோன்றும்போதுதான் எழுவாள். பாதிரியாரும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

அன்சாஸ் போனதும் ஆத்திரம் தாங்காமல், பலகையையும் மரச்சுத்தியையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அங்கே வெள்ளரிக்காய் வாசனையடிக்கும் ஸ்டிண்டா என்ற சின்ன மீனை அப்படித்தான் பிடிப்பார்கள். பனிக்கட்டியில் துளை போட்டு, நீளப் பலகையின் ஒரு முனையை உள்ளே செருகி, மறுமுனையில் தட்டிக்கொண்டே இருந்தால், அந்த அதிர்வைக் கேட்டு மீன் கூட்டமாக வலைக்கு வரும். பலகையை வெளியே இழுப்பதற்கு முன் மெதுவாக ஒரு தட்டு தட்டி, வந்ததற்கு விடைகொடுக்க வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த முறை. மட்லீனா கொழுந்தனைத் திட்டிக்கொண்டே தட்டினாள், திட்டிக்கொண்டே இழுத்தாள், விடைகொடுக்க மறந்து வீட்டுக்கு நடந்தாள். அழைத்த பிறகு போகச் சொல்லவில்லை என்பதால், தண்ணீர் துளைவழியே ஏறி அவள் பின்னால் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு க்ரீத்தா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏய் மட்லீனா, உன் முற்றத்துல ஆறு நிக்குது."

"பாத்தேன்."

"அப்ப தொழுவத்துல கட்ட வேண்டியதுதான?"

"மாடு குடிச்சிடும்டி."

இவள் கிணற்றடிக்குப் போனால் அதுவும் போனது. விறகடுக்குப் பக்கம் வந்தால் அதுவும் வந்தது. பலகையில் தட்டினால் நிமிர்ந்து கேட்டது. அதற்கு இரண்டு ஏச்சு கொடுத்துவிட்டு, முறைப்படி மெதுவாகத் தட்டி விடைகொடுத்தாள். தண்ணீர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பியது. மட்லீனா அடுப்பை மூட்டி, மாவில் புரட்டிய மீனை வறுத்துத் தின்றபடி வெகுநேரம் யோசித்தாள்.

சொன்ன வாரத்திலேயே பனிக்கட்டி உடைந்தது. அன்சாஸ் டிராக்டரின் பின்வண்டியில் ஊரை ஏற்றிக்கொண்டிருந்தான். மெத்தைகள், தையல் இயந்திரம், மேலே க்ரீத்தா. மட்லீனா எதிர்த்திசையில், ஆறு ஊருக்குள் நுழையும் ஊர்த்தலைமாட்டுக்கு, பலகையைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளம் வந்தது. வானொலி சொன்ன உயரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல், கதவு அகலப் பனிப்பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, வண்டியில் கிடந்த பலகையில் தட்ட ஆரம்பித்து, தட்டிக்கொண்டே நடந்தாள். வெள்ளம் திரும்பி அவள் பின்னால் நடந்தது. தோட்டங்களின் பின்புறமாக, வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் போக, இந்தப் பக்கம் உலர்ந்த மண்ணில் ஒரு பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கை ஓய்ந்து தட்டு தளரும்போதெல்லாம் வெள்ளம் வீடுகளின் பக்கம் சாய்ந்து பார்த்தது. அதைக் கண்டு க்ரீத்தா மெத்தை மேலிருந்து குதித்து, "சுத்திய இங்க குடு, சாகப்போற" என்று பிடுங்கித் தட்டினாள். இப்படி மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு இருவரும் கோதுமை வயலுக்கு வந்தபோது கூட்டுப்பண்ணையின் கரைமேடு குறுக்கே நின்றது. மேட்டுக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் காயல். பின்னால் வெள்ளம் நின்று, இனி எங்கே என்பதுபோலப் பொறுமையிழந்து ஏறிக்கொண்டிருந்தது.

அன்சாஸ் பின்வண்டியைக் கழற்றிவிட்டு டிராக்டரோடு வந்து சேர்ந்தான்.

"அண்ணி, இந்தக் கரைய வெட்டினா பதில் சொல்ல வேண்டியவன் நான். முழு வயலும் முங்கிடும்."

"சொல்லு. வாய்தான் இருக்கே. என்கிட்ட எவ்வளவு பேசின."

"பதவி போயிடும்."

"ஊரே போனபிறகு எதுக்குடா தலைவன்?"

அவன் அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நின்ற தண்ணீரைப் பார்த்தான், தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு டிராக்டரைக் கரைமேல் விட்டான். வெட்டு விழுந்ததும் மட்லீனா அதன் வழியே இறங்கி, இளங்கோதுமைப் பயிரை மிதித்துக்கொண்டு காயல்வரை போனாள். அங்கே வெள்ளத்துக்கு மறக்காமல் விடைகொடுத்தாள்.

மாவட்டத்திலிருந்து அளக்க வந்தவர்களுக்கு எந்தச் சுவரிலும் ஈரக்கோடு கிடைக்கவில்லை. வெள்ளம் சொன்ன உயரத்துக்கு வந்ததா என்றால் வந்தது. ஊர் முழுகியதா என்றால் இல்லை. ஊரை எடுக்க வழியில்லாமல் அன்சாஸின் பதவியை மட்டும் எடுத்தார்கள். அவன் அந்த முங்கிய வயலுக்கே காவலாளி ஆனான். அந்த வசந்தத்தில் விலாங்கும் பெரிய பெரிய மீன்களும் அங்கே வந்து தங்கியதால் முன்னைவிடப் பருத்தான். சிலர் வெந்நீருக்காகப் பட்டணம் போய், ஆசைதீரக் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு கூட்டுப்பண்ணை போனது, பணம் மாறியது, கொடி மாறியது. மட்லீனா ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளத்தை அழைத்துப்போய்க் காயலில் விட்டாள். முழங்கால் விட்டுப்போனதும் நாற்காலியோடு வண்டியில் வைத்து இழுத்தார்கள். அப்போதும் யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஓர் இலையுதிர்காலத்தில், உட்கார்ந்தபடியே செத்தாள். அடுத்த வசந்தத்தில் ஊர்த்தலைமாட்டுக்கு வந்த வெள்ளம் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தானாகவே தோட்டங்களின் பின்புறமாக நடந்து போனது.

இப்போது அந்த இடத்தில் தார்ச்சாலை குறுக்கே போகிறது. வெள்ளம் கடக்கும் நாட்களில் பேருந்து நிற்கும். கறவை மாடுகளுக்கு நிற்பதுபோலத்தான். அவசரக்காரர் யாராவது எழுந்து வந்து ஹாரன் அடிக்கச் சொன்னால் ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"அடிக்கக் கூடாதுங்க. நம்ம பின்னாடியே வந்துடும். உக்காருங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் கதகதப்பு இருக்கட்டும், மாவுப்பானை அடி தெரியாமல் இருக்கட்டும், எழுந்து போ என்று சொல்ல உங்கள் வாசலுக்கு எவரும் வராமல் இருக்கட்டும். வந்தாலும், உட்கார்ந்தபடியே பதில் சொல்லும் தெம்பை ஆண்டவர் உங்களுக்குத் தரட்டும்.