பாலத்துக் காற்றும் சாவியக்காவும்

காப்பகத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சாவியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதைச் சீந்துவார் இல்லை. குழந்தைகள் காப்பகத்தின் கதவைத் தினமும் திறப்பவள் அவள்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, விளக்குகளைப் போட்டு, பாலைச் சூடாக்கி, குட்டிப் பாய்களை அவள் விரித்த பிறகுதான் அந்த இடத்துக்கு உயிர் வரும். டீச்சர்களும் மேடமும் திறந்த கதவுக்குள் நுழைகிறவர்கள். திறக்கிறவள் தான் ஒருத்திதான் என்கிற பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. ஏன், இருந்தால் என்ன? விடியுமுன் எழுந்து பெடல் மிதிப்பவளுக்கு அதுகூடவா இருக்கக் கூடாது!

அந்தப் பெருமைக்குத்தான் இந்த மழைக்காலத்தில் வேட்டு வந்தது.

அவள் போய்ச் சேரவேண்டிய நேரத்தில்தான் முதல் பஸ் டிப்போவை விட்டே கிளம்பும். ஆகவே சைக்கிள்தான் கதி. வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் தெரு, அப்புறம் நீண்டு கிடக்கும் பெரிய பாலம், அதைத் தாண்டினால் காப்பகம். முதல் தடவை, போனில் தானாக வருகிற வானிலைப் படத்தை நம்பிக் கிளம்பினாள். மஞ்சள் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாலத்தை எட்டுவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பூட்டிய கதவின் முன்னால் அப்பா அம்மாக்கள் பிள்ளைகளைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வானிலை சொல்கிற வலைத்தளம் ஒன்றா இரண்டா? அவளுடைய கணவர் சலூன் வைத்திருப்பவர். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் பேசிப் பேசி வாய் ஓயாத மனுஷர்.

"என்ன, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரி ஒண்ணொண்ணா அலசுற?" என்றார்.

"பொண்ணு இருந்தா அதுக்கும் இப்படித்தான் பாப்பேன். இவன் பாருங்க, ஆளு பளபளன்னு இருக்கான், நாள் முழுக்கவும் சேத்து ஒரே ஒரு படம். காலையில நான் போற நேரத்துல மழையா இல்லையான்னு கேட்டா பதிலே இல்ல. நடுவுல செருப்பு விளம்பரம் வேற."

"சரி, அடுத்தவன்?"

"அரசாங்க வானிலை நிலையம். மூஞ்சி நல்லா இல்ல. ஆனா மணிக்கு மணி பிரிச்சு சொல்றான். காலையில முப்பது சதவீதம்னு போட்டிருக்கான்."

"அப்போ முப்பது சதவீதம்தான் நனைவியா? முழங்கால் வரைக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. "இதே மாதிரி பத்து நாள் வந்தா மூணு நாள் மழைன்னு அர்த்தமாம். கீழ எழுதியிருக்கான். விமான நிலையத்துக்குச் சொல்ற கணக்கு இது, நம்ம தெருவுக்கு இல்லன்னும் எழுதியிருக்கான். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றான் பாருங்க, அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

மூன்றாவதாக அவள் கண்டுபிடித்தது ரேடார் படம். மழை எங்கே பெய்கிறது என்பதைப் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் காட்டுகிற தளம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் திறந்து பார்த்தாள். பெரிய சிவப்புத் திட்டு ஒன்று ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் போட்டிருந்த நேரமோ நடுராத்திரி. 'சரிதான், ராத்திரி பெய்த மழை. பெய்து ஓய்ந்துவிட்டது' என்று தைரியமாகக் கிளம்பினாள். வாசல் தரை காய்ந்து கிடந்ததைப் பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை. பாதி வழியில் அந்தச் சிவப்புத் திட்டு அவள் தலையிலேயே இறங்கியது. அந்தத் தளத்துக்காரன் உலக நேரத்தைப் போடுகிறவன். உள்ளூர்க் கடிகாரத்துக்கும் அதற்கும் பல மணி நேர வித்தியாசம். அவள் பார்த்தது அந்த நிமிஷத்து மழை!

அன்றைக்கும் கதவு பூட்டித்தான் கிடந்தது. அன்றைக்கும் பிள்ளைகள் நனைந்தார்கள்.

காப்பகத்தை நடத்தும் மேடம் கெட்டவர் இல்லை. அவளை உட்காரவைத்துத் துண்டு கொடுத்த பிறகுதான் பேசினார். "நீங்க வேலையில குறை வச்சதே இல்ல. ஆனா குழந்தைங்க நனையறாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியைப் புது டீச்சர்கிட்ட குடுத்துடுவோம். அவங்க வீடு எதிர்லதான இருக்கு. நீங்க நிதானமா வாங்களேன்."

நிதானமா வாங்களேன்! அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. சாவி இல்லாத சாவியக்காவைப் பிள்ளைகள் என்னவென்று கூப்பிடும்? அன்றைக்கு வீட்டில் வாய்விட்டு அழுதாள். கணவர் கேலி பேசாமல் அவள் மழைக்கோட்டை எடுத்துக் காயப்போட்டார்.

அழுது முடித்ததும் மறுபடி போனை எடுத்தாள். இந்தத் தடவை ஒருவனையே கட்டிக்கொண்டு அழுவதில்லை என்று முடிவு. யாருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதை மட்டும் அவனிடம் கேட்பது. முந்தின சாயங்காலம் அரசாங்கத் தளத்தில் மணிக்கணக்கு. கிளம்புமுன் ரேடார், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவைத்தபடி. அப்புறம், சைக்கிள்காரர்களுக்கென்றே தேடியதில் அகப்பட்ட காற்றுத் தளம். அதில் சராசரிக் காற்று ஒரு கட்டத்தில், திடீரென்று தூக்கி அடிக்கும் வீச்சு இன்னொரு கட்டத்தில், எந்தத் திசையிலிருந்து என்பதற்கு ஒரு அம்புக்குறி. கார்க்காரனுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. பாலத்தின் மேல் சைக்கிளில் போகிறவளைக் கேட்டால் தெரியும்!

அதன்பிறகு அவள் பிந்தவே இல்லை. மழை இரண்டு திட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் அதற்குள் புகுந்து போய்விடுவாள். கதவைத் திறந்த பிறகு வெளியே கொட்டும் மழையை ஜன்னல் வழியே பார்த்து, "எங்கிட்டயா?" என்று சிரிப்பாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு சாயங்காலம் காற்றுத் தளத்தில் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை, கதவு திறக்கிற நேரத்திலிருந்து பிள்ளைகள் வருகிற நேரம் வரைக்கும். மழை துளிகூட இல்லை, வானம் நிர்மலம், சராசரிக் காற்றும் சாதாரணம். வீச்சு மட்டும் பயங்கரம். அம்புக்குறி பாலத்துக்குக் குறுக்கே நின்றது. அரசாங்கத் தளத்தைத் திறந்தாள். அங்கேயும் அடியில் ஒரு வரி, காலையில் பலத்த காற்று வீசக்கூடும் என்று.

அந்நேரம் காப்பகத்திலிருந்து மகளைக் கூட்டிப்போக மருந்துக்கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். சிட்டு என்று கூப்பிடுகிற அந்தக் குட்டியைச் சைக்கிளின் பின்னிருக்கையில் கட்டி உட்காரவைத்து, தினமும் பெரிய பாலத்தின் வழியாகத்தான் கொண்டுவருவார்.

"நாளைக்குப் பெரிய பாலத்துல வராதீங்க. பழைய பாலம் வழியா சுத்தி வாங்க," என்றாள் சாவியக்கா. பழைய பாலம் தாழ்வானது, இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர்.

அவர் தன் போனைப் பார்த்தார். "முழு வெயில்னு போட்டிருக்கேக்கா?"

"வெயில்தான். காத்தும்தான்."

மேடம் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பெத்தவங்களைச் சும்மா பயமுறுத்தாதீங்க. நாளைக்கு ஒண்ணும் இல்லன்னா நம்ம பேரு என்ன ஆகும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நாளைக்குக் காத்து அடிக்கலன்னா நீங்க கேக்கவே வேணாம் மேடம், நானே சாவியை உங்க மேஜையில வச்சுடறேன்."

சொல்லிவிட்டாள். வாயை விட்டுப் போனது போனதுதான். வீட்டில் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வானத்துக்கு நீ ஜாமீன் நின்னுட்டு வந்திருக்க. நாளைக்கு அது டிமிக்கி குடுத்தா?"

விடிந்தது. ஜன்னலைத் திறந்தால் ஓர் இலை அசையவில்லை. வானம் அலம்பிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. காற்றுத் தளத்தைத் திறந்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பெரிய பாலம் வழியே போனால் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். ஆனால் ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தான் ஒன்று செய்வதா? சீக்கிரமே கிளம்பிச் சுற்று வழியில் மிதித்தாள். பால் வண்டிக்காரர்கூட, "என்ன இந்தப் பக்கம்?" என்று சிரித்தார். வழியெல்லாம் நிசப்தம். சாவியை மேஜையில் வைக்கும்போது என்ன சொல்வது என்று மனசுக்குள் வார்த்தை தேடத் தொடங்கிவிட்டாள்.

பழைய பாலத்துக்குள் நுழைந்தபோது சுவருக்கு மேலே ஏதோ ஊளையிட்டது. ஆற்றங்கரை மரங்கள் ஒரேயடியாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. யாருடைய தொப்பியோ சுவரைத் தாண்டிப் பறந்து ஆற்றில் விழுந்தது.

"வந்தியா!" என்று கத்தினாள் சாவியக்கா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கதவைத் திறந்தாள். விளக்கு, பால், பாய் எல்லாம் ஆயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பெரிய பாலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சைக்கிளில் போன ஓர் ஆளைக் காற்று தூக்கிக் கைப்பிடிக் கம்பியில் அடித்துவிட்டதாம், கை முறிந்துவிட்டதாம், போலீஸ் பாலத்தை மூடிவிட்டதாம். மேடம் போனில் கூப்பிட்டார். ரோட்டில் மரம் விழுந்து அவருடைய கார் நடுவழியில் நின்றுவிட்டது. "கதவு திறந்தாச்சா?" என்றார். திறந்தாச்சு என்றதும் மூச்சு விட்டார். "நல்லவேளை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நேத்து நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அவள் கூத்தாடியிருப்பாள். இப்போது காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. சிட்டு இன்னும் வரவில்லை. வாசலைப் பார்த்தபடியே ஊற்றியதில் பால் கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. கை முறிந்தது யார்? பின்னால் குழந்தை இருந்ததா? வந்தவர்களில் யாருக்கும் அது தெரியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். சொன்னது போதுமா, இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா, சைக்கிள் சாவியைப் பிடுங்கியாவது வைத்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் தெருமுனையில் தெரிந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலை கலைந்து, முகமெல்லாம் தூசியாக. பின்னிருக்கையில் சிட்டு மகாராணி போல உட்கார்ந்திருந்தாள்.

"பழைய பாலம் வழியாத்தான் வந்தோம்," என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "உண்மையைச் சொல்லிடறேன்க்கா, நான் நம்பல. வெயிலைப் பாத்துட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாவே பெரிய பாலத்து முனை வரைக்கும் வந்துட்டேன். இவதான் சாவியக்கா வேணாம்னு சொன்னாங்கன்னு ஒரே ஆர்ப்பாட்டம். கட்டை அவுத்துக்கிட்டுத் தரையில குதிச்சு உக்காந்துட்டா. சரி தொலையுதுன்னு திரும்பினேன். திரும்பின கையோட ஆரம்பிச்சுது பாருங்க காத்து, சுத்து வழி முழுக்கத் தள்ளிக்கிட்டேதான் வந்தோம்…"

சாவியக்கா சிட்டுவை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் தலைமுடியில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, தன் பேச்சை முதலில் நம்பியவள் இவள்தான் என்று நினைத்தபோது, நெஞ்சு நிமிர்ந்ததில் அவள் ஒரு பிடி உயர்ந்தே போனாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பெற்றோர் யாரும் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

"அக்கா, நாளைக்கு எந்தப் பாலம்?"

ஆளாளுக்குக் கையில் போன் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரப்படாதீங்க," என்றாள் சாவியக்கா. "சாயங்காலம் பாத்துட்டுச் சொல்றேன்."